சங்குப் பார் அறிக்கை வரும் வரை

அரசு அலுவலகத்தில் ஒரு காரியத்தைச் செய்வதற்கு ஒரே ஒரு உத்தரவு போதும். செய்யாமல் இருப்பதற்குத்தான் கட்டுக்கட்டாக எழுத வேண்டியிருக்கும். இதைப் படிக்கிற உங்களில் சிலர் மேசைக்கு அந்தப் பக்கம் மனுவோடு நின்று நொந்திருப்பீர்கள். சிலர் என்னைப் போல இந்தப் பக்கம் உட்கார்ந்து நொந்திருப்பீர்கள். இரண்டு கட்சிக்காரர்களும் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் கொடுங்கள், நானும் புலம்ப வேண்டும்.

தூத்துக்குடியில் கடல் சம்பந்தப்பட்ட ஒரு துறையின் மாவட்ட அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளர். பிறந்து வளர்ந்தது தாமிரபரணிக் கரையில், நெல்லும் வாழையும் விளைகிற ஊரில். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கோப்பு வழியாகத் தெரிந்ததுதான். அப்படி வந்து சேர்ந்த ஒரு கோப்புதான் சங்குப் பார்க் கோப்பு. பார் என்றால் கடலுக்கு அடியில் கல்லும் மணலுமாகக் கிடக்கிற மேடு. வேம்பாருக்குப் போகிற கடற்கரைச் சாலையில் ஒரு சின்ன ஊர். அதற்கு நேர் கிழக்கே ஒரு பார். அந்த ஊரில் பதினான்கு பேர் வள்ளத்தில் போய், மூச்சைப் பிடித்து முங்கி, அங்கே சங்கெடுத்துப் பிழைக்கிறவர்கள். சங்கு குறைந்துகொண்டே வருகிறது என்று யாரோ மேலிடத்துக்கு எழுதிப் போட, ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியரிடம் ஆய்வை ஒப்படைத்தார்கள். அறிக்கை வரும் வரை அந்தப் பாரில் ஒருவரும் இறங்கக் கூடாது, உரிமமும் புதுப்பிக்கப்படாது என்று உத்தரவு. அறிக்கையைத் துரத்திப் பிடிக்கிற வேலை என் பிரிவுக்கு.

வெள்ளைச் சட்டை

பேராசிரியருக்குக் கொடுத்த கெடு மூன்று மாதம். எங்கள் பாஷையில் மூன்று மாதம் என்பது ஒரு மரியாதைச் சொல். போட்டவருக்கும் அது தெரியும், வாங்கிக்கொண்டவருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் சிலுவை அண்ணாச்சி. அந்தப் பதினான்கு பேரில் மூத்தவர், அவர்கள் சார்பில் மனுக் கொடுக்க வருகிறவர். முதல் தடவை வந்தபோது "எப்பம் வரும்?" என்று கேட்டார். நானும் உத்தரவின் நகலை எடுத்து அந்த வரியைக் காட்டினேன். விரலை வைத்து எழுத்து எழுத்தாக வாசித்துவிட்டுப் போனார்.

சரியாக மூன்று மாதம் முடிந்த அன்று, அலுவலகம் திறந்த கையோடு வந்து நின்றார். கோயில் திருவிழாவுக்குப் போடுகிற மாதிரி தேய்த்த வெள்ளைச் சட்டை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் பதினான்கு பேருடைய போட்டோ, ஆதார் நகல், டாக்டர் சர்டிபிகேட். "என்ன அண்ணாச்சி விசேஷம்?" என்று கேட்டேன். "இன்னைக்கு மூணு மாசம் முடியுதுல்லா மேடம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் சர்வீஸில் அரசாங்கம் போட்ட கெடுவை இவ்வளவு நம்பிய ஒரு மனிதரை நான் பார்த்ததே இல்லை. அறிக்கை இன்னும் வரவில்லை என்று ஒரு வழியாகச் சொல்லி முடித்தேன். போட்டோக்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டே அவர் சொன்னார்:

"நீங்க எழுத்துல காட்டுனீகள்லா மேடம்? அதச் சொல்லித்தான, வேற சோலிக்குக் கெளம்பினவனுவளக் கையப் புடிச்சி நிப்பாட்டி வச்சிருக்கேன்."

வருத்தத்துடன் நோக்கப்படுகிறது

நினைவூட்டுக் கடிதத்தில் கோபத்துக்குப் படிகள் உண்டு. முதலாவதில் 'அனுப்பி வைக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது'. இரண்டாவதில் 'மீண்டும்' என்று ஒரு சொல் சேரும். மூன்றாவதில் 'இதுவரை பெறப்படாதது வருத்தத்துடன் நோக்கப்படுகிறது'. நான்காவதில் 'தனிக் கவனம் செலுத்தி' வந்துவிடும், தலையில் சிவப்பாக 'மிக அவசரம்' முத்திரையும் விழும். அதற்கு மேல் கோபப்பட அலுவலகத் தமிழில் வழி கிடையாது. என் பிரிவில் ஏ3 இருக்கை முத்துலெட்சுமியுடையது. ஆய்வு, அறிக்கை எல்லாம் அவள் பொறுப்பு. மாதம் தவறாமல் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டே இருந்தாள்.

நான்காவதுக்கும் அறிக்கை வராததால் நானே பேராசிரியருக்குப் போன் போட்டேன். மெதுவான குரல், நல்ல மனிதர் என்றுதான் தோன்றியது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. "ஐயா, ஒரு ஊரே காத்துக் கெடக்கு. ஒரு பதிலு போடக்கூட உங்களுக்கு நேரமில்லையா?" என்று கேட்டுவிட்டேன். அதற்கு அவர் ஒன்று சொன்னார். படித்தவர்கள் என்ன நாசூக்காகச் சாக்குச் சொல்கிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்ததும் ஐந்தாவதையும் அனுப்பச் சொல்லிவிட்டேன். அவர் சொன்னது இதுதான்:

"மேடம், உங்க கடிதம் எல்லாம் எனக்கு ஒழுங்கா வந்து சேருது. என் கடிதம்தான் உங்க கைக்கு வருதான்னு தெரியல."

அடுத்த வாரம்

மாதாமாதம் சென்னையிலிருந்து காணொலியில் ஆய்வுக் கூட்டம் நடக்கும். நிலுவைப் பட்டியலில் எங்கள் சங்குப் பார் வந்தது. திரையில் இருந்த பெரிய அதிகாரி, "இது எப்ப வரும்?" என்று கேட்டார். எங்கள் ஆபீசர் கொஞ்சமும் யோசிக்காமல், "அடுத்த வாரம் வந்துரும் சார்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அவசர அவசரமாகக் கோப்பைப் புரட்டினேன். அப்படி ஒரு கடிதமும் வரவில்லை, பேச்சும் வரவில்லை, கனவில்கூட வரவில்லை.

திரை அணைந்ததும், எனக்குத் தெரியாமல் ஏதாவது தகவல் வந்ததா என்று அவரிடம் கேட்டேன். ஆபீசர் கெட்ட மனிதர் இல்லை. யாரையும் அதட்ட மாட்டார், மதியச் சாப்பாட்டில் ஒரு உருண்டையைக் காக்கைக்கு வைத்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பொறுமையாக விளக்கினார்:

"தெரியலன்னு சொன்னா அதுலருந்து பத்து கேள்வி வரும்மா. அடுத்த வாரம்னு சொன்னா அடுத்த அயிட்டத்துக்குப் போயிருவாங்க."

நகலின் பின்பக்கம்

சிலுவை அண்ணாச்சி திங்கட்கிழமை தோறும் வர ஆரம்பித்திருந்தார். ஒரு திங்கட்கிழமை முத்துலெட்சுமி வெறும் பேச்சுக்காக, "அந்தப் பாருல அப்படி என்னதான் இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டாள். அவர் ஒரு தாள் கேட்டார். அவளும் வீணாய்ப் போன ஒரு நினைவூட்டு நகலைப் பின்பக்கமாகத் திருப்பிக் கொடுத்தாள். அதில் அவர் கரையைப் போட்டார், மாதா கோயில் கோபுரத்தைப் போட்டார், உப்பளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பனங்கூட்டத்தைப் போட்டார். கோபுரத்துக்குப் பின்னால் பனை மறைகிற இடத்தில் வள்ளத்தை நிறுத்தினால் கீழே பாரின் வடக்கு ஓரம் என்றார். எந்த ஓரத்தில் குஞ்சுச் சங்கு, எந்த ஓரத்தில் முற்றிய சங்கு, எந்த ஓரத்தை மூன்று வருஷமாகத் தொடாமல் விட்டிருக்கிறார்கள் என்று வரிசையாகச் சொன்னார். சிறிய சங்கு கையில் தட்டுப்பட்டால் அங்கேயே போட்டுவிட்டு வருவது ஊர்க் கட்டு, மீறினவனை வள்ளத்தில் ஏற்றுவதில்லை என்றார்.

நானும் முத்துலெட்சுமியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அரசு அந்தப் பேராசிரியரிடம் என்னென்ன கேட்டிருந்ததோ அதெல்லாம் ஒரு காப்பி குடிக்கிற நேரத்தில் அந்தத் தாளில் வந்துவிட்டிருந்தது. இதையே ஒரு மனுவாக எழுதிக் கொடுங்கள், பேராசிரியருக்கு 'தகவலுக்காக' என்று அனுப்பி வைக்கிறேன் என்றேன். அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"இதத் தெரிஞ்சிக்கிடவா மேடம் இத்தன கடுதாசி போட்டிய?"

தேதி வேண்டாம்

சங்குக்குப் போகிற காலம் வருஷத்தில் சில மாதம்தான். கச்சான் காற்று எழும்பிவிட்டால் அடிக்கடல் கலங்கிவிடும். முங்கினவனுக்கு நீட்டிய தன் கையே தெரியாதாம். அந்தக் காற்றும் வந்துவிட்டது. ஒரு காலம் முழுசாகப் போய்விட்டது. அடுத்த திங்கட்கிழமை சிலுவை அண்ணாச்சி வந்தார், ஒன்றும் கேட்கவில்லை. மின்விசிறிக்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நானாகப் பேச்சுக் கொடுத்தேன். இரண்டு பேர் கொச்சிக்குப் போய்விட்டார்கள், இரண்டு பேர் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போகிறார்கள் என்றார். ஊரில் இப்போது யாரும் தன்னிடம் அறிக்கையைப் பற்றிக் கேட்பதில்லையாம், தெருவில் பார்த்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்களாம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் போகிற போக்கில் சொன்ன ஒவ்வொரு 'அடுத்த மாதமும்' இந்த மனிதர் வாயால் அந்த ஊருக்குள் போயிருக்கிறது. எங்களுக்கு அது பட்டியலில் ஒரு வரி. அவருக்கு அது கொடுத்த வாக்கு. மனசு கேட்காமல், "இந்தத் தடவை கட்டாயம் வந்துரும் அண்ணாச்சி, அடுத்த மாசம்..." என்று ஆரம்பித்தேன். கையை உயர்த்தித் தடுத்துவிட்டார்.

"தேதி சொல்லாதீங்க மேடம். நீங்க சொன்னா நான் போயிச் சொல்லணும்லா."

ஒரே நாள், இரண்டு கடிதம்

ஒரு நாள் பேராசிரியரே நேரில் வந்துவிட்டார். ஆபீசர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்டிப்பான முகம் ஒன்றைத் தயார்செய்து வைத்திருந்தார். பேராசிரியர் ஒரு கோப்பைத் திறந்து கடிதங்களை ஜோடி ஜோடியாக மேசையில் பரப்பினார். ஒவ்வொரு ஜோடியிலும் இடது பக்கம் எங்கள் நினைவூட்டு: 'அறிக்கையை உடனே அனுப்பவும்.' வலது பக்கமும் எங்கள் கடிதம்தான். அறிக்கை எழுத அந்தப் பாரில் இறங்கிப் பார்க்க வேண்டும், அதற்கு அந்த ஊர் ஆட்களை இறக்க அனுமதி வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். அதற்கு நாங்கள் போட்ட பதில்: 'ஆய்வறிக்கை பெறப்படும் வரை மேற்படி பாரில் எவரையும் இறங்க அனுமதிக்க இயலாது.'

இது எப்படி நடக்கும் என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் கேட்பீர்கள். ரொம்பச் சுலபமாக நடக்கும். தபாலில் 'அறிக்கை' என்று இருந்தால் அது ஏ3, முத்துலெட்சுமி. 'இறங்க அனுமதி' என்று இருந்தால் அது ஏ5, சுடலைமுத்து. உத்தரவு என்ன சொல்கிறதோ அதைத்தான் சுடலைமுத்து எழுதினான். முத்துலெட்சுமியும் அதே உத்தரவைப் பார்த்துத்தான் எழுதினாள். இரண்டு மேசைக்கும் நடுவில் ஒரு பீரோ. ஆனால் இரண்டு தாளும் மேலே போவதற்கு ஒரே வழிதான் உண்டு, அது நான். பேராசிரியர் பரப்பிய தாள்களைப் பார்த்த உடனே எங்கள் அலுவலக நகல்களை எடுத்துவரச் சொன்னேன். இடது பக்கத்திலும் என் சுருக்கொப்பம், வலது பக்கத்திலும் என் சுருக்கொப்பம். ஒரு ஜோடியில் தேதிகூட ஒன்று. ஒரே காலையில், ஒரே பேனாவால், 'அறிக்கை எங்கே' என்று கேட்கவும் அறிக்கை எழுத விடாமல் தடுக்கவும் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

போனில் அந்த மனிதர் சொன்னதைச் சாக்கு என்று நினைத்தேனே என்று அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. ஆபீசர் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த அறையில் பதறாமல் நின்றவன் சுடலைமுத்து ஒருவன்தான். நகல்களை ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"மேடம், ரெண்டு டிராப்டும் கரெக்டாத்தான இருக்கு!"

தெளிவுரை

அன்றைக்கே உட்கார்ந்து குறிப்பு எழுதினேன். ஆய்வுக்காக இறங்குவது வேறு, சங்கெடுக்க இறங்குவது வேறு. முன்பு மறுத்தது தவறு. அந்த மறுப்புக் கடிதங்களை ரத்து செய்து உடனே அனுமதிக்கலாம் என்று பச்சையாகவே எழுதினேன். குற்ற உணர்ச்சியில் எழுதியதால் என் வழக்கத்துக்கு மாறாக ஒரே பக்கத்தில் முடிந்துவிட்டது. ஆபீசர் அதை மூன்று முறை வாசித்தார். நீங்கள் நினைக்கிறபடி அவர் மறுக்கவில்லை. அனுமதி கொடுக்கத்தான் வேண்டும் என்று அவரும் சொன்னார், மனசாரத்தான் சொன்னார். பிறகு பென்சிலை எடுத்து இரண்டு சொற்களை மட்டும் அடித்தார். அதில் போனவை 'தவறு', 'ரத்து'.

"தப்புன்னு எழுதுனா யாரு தப்புன்னு கேப்பாங்கம்மா. தெளிவுரைன்னு போடுங்க, ஒருத்தனும் கேக்க மாட்டான்."

கலர் படம்

கடல் தெளிந்ததும் பேராசிரியரின் ஆட்கள் வள்ளத்தில் போனார்கள். ஊரில் மிச்சமிருந்த பத்துப் பேரும் பாரை ஓரம் ஓரமாகக் காட்டிக் கொடுக்கக் கூடப் போனார்கள். நான்கே நாளில் வேலை முடிந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் நாங்கள் படியேறிப் படியேறிக் கோபப்பட்ட அறிக்கைக்கு வேண்டியிருந்தது நான்கு நாள் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை. கொஞ்ச நாளில் அறிக்கையும் வந்தது, வழவழப்பான அட்டையோடு. பார் நல்ல நிலையில் இருக்கிறது, சங்கு குறையவில்லை, ஊர்க் கட்டுப்பாடே அதைக் காத்து வந்திருக்கிறது, அந்த ஊர் ஆட்களுக்கு உரிமம் கொடுக்கலாம் என்று முடித்திருந்தார்.

நடுவில் ஒரு முழுப்பக்க வரைபடம். வடக்கு ஓரம் பச்சை, தெற்கு ஓரம் நீலம், தொடாமல் விட்ட இடம் மஞ்சள். கோபுரமும் பனங்கூட்டமும் சேருகிற கோடுகூட இருந்தது, புள்ளிக்கோடாக. அடியில் சின்ன எழுத்தில் 'ஆதாரம்: கள ஆய்வு' என்று போட்டிருந்தது. சிலுவை என்ற பெயர் ஒரு மூலையிலும் இல்லை. அந்தத் திங்கட்கிழமை அவர் வந்ததும் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவர் ஆத்திரப்படுவார் என்று நினைத்தேன், அவருக்குப் பதிலாக நானே ஆத்திரப்படத் தயாராக இருந்தேன். அவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு படத்தைத் தடவிப் பார்த்தார்.

"கலரு போட்டதும் நல்லாத்தான் இருக்கு மேடம். நான் பேனாவுல போட்டதுனால ஒங்களுக்கு வெளங்காமப் போச்சோ என்னமோ."

பதினான்கு பெயர்

அறிக்கை வந்தால் உரிமம் வந்துவிடும் என்று இன்னமும் நம்புகிறவர்கள் என் கட்சியில் இருக்க முடியாது. அறிக்கையின் மேல் குறிப்பு, குறிப்பின் மேல் சென்னையில் ஒரு குறிப்பு, அங்கேயிருந்து ஒரு விளக்கம் கேட்டல், அதற்கு எங்கள் விளக்கம். என் மேசைக்கு வந்ததை நான் வந்த அன்றே அனுப்பினேன், அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கடைசியில் உத்தரவு வந்தபோது அதில் முதல் மனுவில் இருந்த பதினான்கு பெயரும் ஒன்றுவிடாமல் வரிசையாக இருந்தது. தபாலில் அனுப்ப மனசு வரவில்லை. நானே வேம்பார் பஸ்ஸில் ஏறிப் போனேன். ஒன்றரை வருஷம் அந்த ஊர்ப் பெயரைத் தினமும் எழுதியிருக்கிறேன், அன்றைக்குத்தான் முதல் தடவை அங்கே இறங்கினேன். கடல் கண்ணாடி மாதிரி தெளிந்து கிடந்தது. நல்ல நேரத்தில்தான் கொண்டு வந்திருக்கிறோம் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், அதை மறைக்க மாட்டேன்.

சிலுவை அண்ணாச்சி கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் இருந்தார். உத்தரவை வாங்கிப் பெயர்களின் மேல் விரலை ஓட்டினார். ஒன்பது பெயரில் விரல் நிற்காமல் தாண்டிப் போயிற்று. கொச்சி, துறைமுகம், மஸ்கட், திருப்பூர் என்று அவர்கள் போன இடங்களை மட்டும் சொன்னார். "அப்பம் அஞ்சு பேரு இருக்கீயள்லா அண்ணாச்சி, அஞ்சு பேரு போனா ஆவாதா?" என்று கேட்டேன். ஆற்றங்கரைக்காரி வேறு எப்படிக் கேட்பேன்? அவர் கோபப்படாமல் விளக்கினார். கடலுக்குள் இறங்குகிறவன் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும், அதன் மறுமுனை வள்ளத்தில் ஒருவன் கையில் இருக்கும். கீழே இருப்பவன் அசைத்ததும் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும், ஒரு நொடி பிந்தினால் ஆள் இல்லை. அதனால் அந்தக் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பார்களாம். கூடப் பிறந்தவள் தாலி அவன் கையில் இருக்கிறதே, கண் அசர மாட்டான். பதினான்கு பேர் என்பது ஏழு ஜோடி மச்சினன்மார். அதில் இரண்டு ஜோடி முழுசாகவே போய்விட்டது. மிச்ச ஐந்து ஜோடியில் ஜோடிக்கு ஒருவர்தான் ஊரில் இருக்கிறார்கள். அவருடைய மச்சினனும் இரண்டு மாதம் முன்னால் மஸ்கட்டுக்குப் போய்விட்டார். அதாவது, நாங்கள் சென்னைக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தபோது.

உத்தரவில் ஆள் இருந்தது, பார் இருந்தது, தேதி இருந்தது, முத்திரை இருந்தது. கயிறு பிடிக்கிற கை எங்கள் கோப்பில் எந்த இடத்திலும் இல்லை, வழவழப்பான அந்த அறிக்கையிலும் இல்லை. வெளியாளை வைத்துப் பிடிக்கக் கூடாதா என்று கேட்க வாயைத் திறந்தேன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். தப்பு எங்கள் மேல்தான் அண்ணாச்சி என்று மட்டும் சொன்னேன். 'தெளிவுரை' என்று சொல்லவில்லை. அவர் உத்தரவை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பஸ் வருகிற வரை சாலை ஓரத்தில் என்னோடு கூடவே நின்றார். நான் படியில் கால் வைக்கும்போது, வைகிற குரலில் இல்லாமல், உண்மையாகவே ஓர் உதவி கேட்கிற குரலில் சொன்னார்:

"மேடம், பேப்பர் வந்துட்டுல்லா. அந்த ஒம்போது பேரையும் திரும்பி வரச்சொல்லி, ஒங்க ஆபீஸ்லருந்து ஒரு நினைவூட்டுப் போட்டு விடுங்களேன்."

இத்தனை வருஷ சர்வீஸில் யார் யாருக்கோ எத்தனையோ நினைவூட்டு எழுதித் தள்ளியிருக்கிறேன், நியாயமாக ஒருவர் வாய்விட்டுக் கேட்டது இந்த ஒன்றைத்தான், இதைப் போடத்தான் எனக்கு அதிகாரம் இல்லை.